மூக்கம்மாள், எங்கிருந்தாலும்

கோட்டையூரணி பஸ் ஸ்டாண்டில் ஒன்பது வருஷமாக மைக்கில் பஸ் வருவதையும் போவதையும் சொல்லிக்கொண்டிருந்த மிருணா, ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிறந்தபோது தனக்கு வைத்த பேரைத் தானே வாசித்து, அந்தப் பேருக்குரியவள் எங்கிருந்தாலும் உடனே வரவேண்டும் என்று மூன்று தடவை அழைத்தாள். அழைத்த அன்றிலிருந்து பதினேழு நாள், அந்தப் பேரில் அதுவரை வாழ்ந்து நாலு பேர் சொல்லும்படி ஏதாவது செய்துவிட்டுப் போன பெண்கள் எல்லாரும், அவரவர் காலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் அவளை எல்லாருக்கும் மிருணா என்றுதான் தெரியும். பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் மட்டும் மூக்கம்மாள் என்று இருந்தது. அந்தக் கரிசல் பக்கத்தில், பிறக்கிற பிள்ளைகள் தங்காமல் போய்க்கொண்டே இருந்தால், அடுத்துப் பிறக்கிற பிள்ளையைக் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரியை எடுக்கச் சொல்லி, அவளிடம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கி, மூக்கில் துளை போட்டு, ஆணென்றால் மூக்கன் என்றும் பெண்ணென்றால் மூக்கம்மாள் என்றும் பேர் வைப்பார்கள். யாரோ வேண்டாமென்று எறிந்த பிள்ளை இது, உடம்பில் ஓட்டை விழுந்த பிள்ளை, தூக்கிக்கொண்டு போக லாயக்கில்லாதது என்று எமன் நினைத்துத் தெருவைக் கடந்து போய்விடுவானாம். அதனால் அந்தப் பேரைக் கேட்டவுடனேயே கேட்டவருக்குப் பாதிக்கதை தெரிந்துவிடும். ஒன்றாம் வகுப்பில் வருகைப்பதிவு எடுத்த டீச்சர் தலையை நிமிர்த்தி, “ஒனக்கு முன்னால எத்தன?” என்று கேட்டார். “நாலு டீச்சர்” என்று அவள் சொன்னாள். அதற்கப்புறம் தையல் மிஷின் கொடுத்த ஆபீசில், ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில், பெண் பார்க்க வந்த இடத்தில், எங்கே பேரைச் சொன்னாலும் யாராவது ஒருவர் எத்தனை என்று கேட்டார்கள், அவள் நாலு என்று சொன்னாள். பேர் அசிங்கமாக இருப்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அந்த நாலு பேரையும் இடுப்பில் தூக்கிக்கொண்டே எங்கேயும் போய் நிற்கவேண்டியிருந்ததுதான் அவளுக்குச் சலித்துவிட்டது.

முப்பத்தொரு வயதில் அவள் பேர்மாற்றத்துக்கு எழுதிப்போட்டாள். அரசிதழில் வந்துவிட்டால் மிருணாளினி. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொட்டம்பட்டியில் தனியாக இருந்த தன் அம்மா குருவம்மாளுக்குப் போனில் சொன்னாள். குருவம்மாள் போனை வைத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறி, வாழ்நாளில் இரண்டே தடவை வந்திருந்த கோட்டையூரணியில் இறங்கி, டைம் கீப்பர் சவரியப்பனிடம் போய் நின்றாள்.

“எம்மக இங்கதான் வேலை பாக்கா. மூக்கம்மா.”

“அப்படி ஒருத்தரும் இங்க கிடையாதேம்மா” என்றார் சவரியப்பன். அவர் சொன்னது உண்மை. ஆனாலும் அவள் வேர்த்துப்போய் நின்றதைப் பார்த்து, ஆறாம் நம்பர் நடைமேடையில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, துண்டுச்சீட்டில் எழுதி மாடியறைக்கு அனுப்பினார். மாடியறையின் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் மைக் இருந்தது. மிருணா சீட்டை வாங்கியதும் பார்த்தாள். கீழே பெஞ்சையும் பார்த்தாள். நரைத்த கொண்டையும், மடியில் மஞ்சள் பையும், அம்மாதான். கை தன் பாட்டுக்கு மைக்கைப் போட்டது. சிவகாசி பஸ்ஸைச் சொல்லுகிற அதே குரலில், “மூக்கம்மாள், மூக்கம்மாள், நீங்கள் எங்கிருந்தாலும் உடனடியாக நேரக்காப்பாளர் அறைக்கு வரவும், உங்கள் தாயார் காத்துக்கொண்டிருக்கிறார்” என்று ஒரு தடவை சொன்னாள், வழக்கப்படி இன்னும் இரண்டு தடவை சொன்னாள்.

பெஞ்சில் இருந்த குருவம்மாள் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தாள். பெற்ற மகள் குரலை மைக் ஒன்றும் செய்துவிட முடியாது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை.

மிருணா செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போகத்தான் எழுந்தாள். அதற்குள் ஒன்பது ஐம்பது சங்கரன்கோவில் பஸ் வந்து நின்றது. இடுப்பு வரை சேறு அப்பிய ஒரு பெண், கண்டாங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கி, நேரே சவரியப்பனிடம் வந்தாள். அவள் மூக்கில் ஒரு செம்புக்கம்பி வளைந்து கிடந்தது.

“கூப்பிட்டீகளாமே. நாந்தான் மூக்கம்மா. எங்கம்மா எங்க இருக்கா?”

அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டிருந்த தாயார் ஒருத்திதான். சவரியப்பன் பெஞ்சைக் காட்டினார். குருவம்மாள் அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள், சேற்றைப் பார்த்தாள், கடைசியாக மூக்கைப் பார்த்தாள். பிறகு மஞ்சள் பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்தாள்.

“வா தாயி. சாப்பிட்டியா?”

மாடியில் மிருணா செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். நிம்மதியாகவும் இருந்தது, யாரோ தன் தட்டில் கை வைத்த மாதிரியும் இருந்தது. மதுரை பஸ்ஸைச் சொல்ல நேரமாகிவிட்டது, சொன்னாள்.

சேற்றோடு வந்தவள் முந்நூறு வருஷத்துக்கு முந்தியவள். ஒரு ஐப்பசியில் பெரிய கண்மாய் மடை பெயர்ந்தபோது, மரமும் மண்மூட்டையும் வந்து சேருகிறவரை அந்த வாயில் முதுகைக் கொடுத்து இரண்டு பகல் உட்கார்ந்திருந்தவள். இன்றைக்கும் அந்தக் கண்மாயில் அவளை மடை மூக்கம்மாள் என்று சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்று ஜெயிலுக்குப் போனவள் ஒருத்தி. பஞ்ச வருஷத்தில் ஊரைவிட்டுப் போக இருந்த தானிய வண்டிகளின் கடையாணியைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு, தானியத்தை அளந்தால்தான் தருவேன் என்று துரைமார் முன்னால் சம்மணம் போட்டவள் ஒருத்தி. அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால், எந்த நூற்றாண்டில் ஏறினாள், எந்த நிறுத்தத்தில் ஏறினாள் என்று எந்தக் கண்டக்டரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் பன்னிரண்டு பேர் ஆனபோது, ஊர் அதை ஒரு காரியமாக எடுத்துக்கொண்டது. டீக்கடைக் காசிராஜன் ஒரு கேன் டீயை ஆறாம் நம்பர் நடைமேடைக்கென்று தனியாகப் பிடித்து வைத்தார். சவரியப்பன் தன் பதிவேட்டில் வண்டி எண், வந்த நேரம், போன நேரம் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்து, மூக்கம்மாள் என்று தலைப்புப் போட்டார். தங்குவதற்கு நாடார் தெரு கல்யாண மண்டபத்தின் மாடியைக் கொடுத்தார்கள், குருவம்மாளும் ராத்திரி அங்கேதான் படுத்தாள். ஆவணி என்பதால் கீழே தினம் ஒரு கல்யாணம் நடந்தது; மாடியில் இருப்பவர்களும் இறங்கி வந்து, பெண்வீட்டார் மாப்பிள்ளைவீட்டார் என்று பார்க்காமல் பந்தியில் உட்கார்ந்தார்கள், சேறு பூசிய கையால் மணமக்களுக்கு அட்சதை போட்டார்கள், அந்த அட்சதை விழுந்த ஜோடிகள் போட்டோவில் கூடுதல் தெளிவாக விழுந்ததாக போட்டோகிராபர் சொன்னார். கல்லூரியிலிருந்து வரலாற்றுப் பேராசிரியர் முதல் நாள் சந்தேகத்தோடும், இரண்டாம் நாள் மரியாதையோடும், மூன்றாம் நாள் நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டும் வந்தார்.

கன்னக்கோல் மூக்கம்மாள் வந்த அன்று போலீஸ் ஸ்டேஷனில் கொஞ்சம் குழப்பம். ஜமீன் கருவூலச் சுவரில் மூன்று தடவை ஓட்டை போட்டவள் அவள், நாலாம் தடவை பிடிபட்டாள். அவளை வரவழைத்து விசாரிப்பதா, விட்டுவிடுவதா என்று இன்ஸ்பெக்டர் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவளே போய், ஏழு மாதமாகத் திறக்க முடியாமல் கிடந்த ஸ்டேஷன் பீரோவை ஒரு கொண்டை ஊசியால் திறந்து கொடுத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினாள். அதற்கப்புறம் கேஸ் என்று யாரும் பேசவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த குருவம்மாளுக்கு, இவர்களெல்லாம் என்ன செய்து பேரெடுத்தார்கள் என்பது அவ்வளவாக மனசில் நிற்கவில்லை. வருகிறவள் எவளாக இருந்தாலும் பக்கத்தில் உட்காரவைத்து, தலையைத் தொட்டுப் பார்த்து, எண்ணெய் இல்லாவிட்டால் எண்ணெய் வைத்து, முதல் கேள்வியாக, “எத்தன வயசு வரைக்கும் இருந்த தாயி?” என்று கேட்டாள்.

“எழுபத்தொண்ணு” என்றாள் மடை மூக்கம்மாள்.

“எம்பத்துநாலு. பல்லு எல்லாம் இருந்துச்சு” என்றாள் வண்டியை மறித்தவள்.

“அறுபத்திரெண்டு. ஜெயில்லதான், ஆனா காச்சல்ல” என்றாள் கன்னக்கோல்.

ஒவ்வொரு வயதைக் கேட்கும்போதும் குருவம்மாள் முகம் தெளிந்தது. “பேரு காப்பாத்திருச்சு” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களிடமும் சொன்னாள். மாடி ஜன்னல் திறந்திருந்ததால் அது மிருணாவுக்கும் கேட்டது. இந்த அம்மா என்னிடம் சொல்ல வந்ததைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் இறங்கவில்லை. காலையில் டிப்போ பக்கத்துப் பின்வாசல் வழியாக வந்து, சாயங்காலம் அதே வழியாக மகளிர் விடுதிக்குப் போனாள். அம்மாவும் மாடிப்படியைப் பார்த்தாளே தவிர ஒருநாளும் ஏறவில்லை.

“மேல இருக்கது ஒங்க மகதானே, போய்ப் பாக்க வேண்டியதுதானே” என்று கன்னக்கோல் ஒருநாள் கேட்டாள். அவளுக்குப் பூட்டிய விஷயங்கள் எல்லாம் உடனே தெரிந்துவிடும்.

“நான் கூப்பிட்டாச்சு. அவளே அத வாயால வாசிச்சா. வரணும்னா படி பன்னெண்டுதான இருக்கு, எண்ணிட்டேன்” என்றாள் குருவம்மாள்.

இரண்டாம் வாரத்தில் ஊர் அந்தப் பேரைத் தன் பேராக எடுத்துக்கொண்டது. பஜாரில் ஒரு நகைக்கடை மூக்கம்மாள் மூக்குத்தித் திருவிழா என்று விளம்பரம் கொடுக்க, பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மிருணாதான் அதை மைக்கில் வாசிக்க வேண்டியிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஒரே வாரத்தில் ஐந்து பெண்குழந்தைகளுக்கு மூக்கம்மாள் என்று பேர் வைத்தார்கள். ஐந்துக்கும் மூத்த பிள்ளைகள் கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருந்தார்கள். அதைக் கேட்ட குருவம்மாள் முகத்தைச் சுளித்தாள். “முன்னால ஒண்ணும் போகாம எதுக்கு அந்தப் பேரு. அது என்ன மிட்டாயா, ஆசப்பட்டு வாங்க.” சவரியப்பன் ஒரு மத்தியானம் மாடிக்கு வந்து, “மிருணா, இம்புட்டு மூக்கம்மா இருக்காகளே, அந்த அம்மாவோட மக மட்டும் இன்னும் வந்து சேரல பாத்தியா” என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

மண்டபத்தில் குருவம்மாள் சமைத்துக் கொண்டுவருகிற சாப்பாட்டில் ஒரு பங்கை மைக் இருந்த மாடியறைக்குக் கொடுத்துவிடுகிற பழக்கம் அந்த நாட்களில்தான் ஆரம்பித்தது. யாருக்கு என்று சொல்லமாட்டாள், “மேல பேசுத பிள்ளைக்கு” என்பாள். கொண்டுபோகிறவள் ராஜபார்ட் மூக்கம்மாள். நாடகக் கம்பெனியில் நாற்பது வருஷம் ராஜா வேஷம் கட்டியவள். இப்போதும் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது சிம்மாசனமாகிவிடும், பக்கத்தில் இருப்பவர்கள் அவர்களை அறியாமல் எழுந்துவிடுவார்கள். அவள் தூக்குவாளியை வைத்துவிட்டு, மிருணாவின் முகத்தைப் பவுடர் போட்டுப் பார்ப்பவள் மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“தூர்ந்துபோச்சு. ஆனா தழும்பு இருக்கு.”

மிருணா மூக்கைத் தொட்டுக்கொண்டாள்.

“திட்டப் போறீங்களா?”

“எதுக்கு? மேடையில என்னைய ஒருத்தரும் மூக்கம்மான்னு கூப்பிட்டதில்ல. மகாராஜான்னுதான் கூப்பிட்டாக. வேஷத்தக் கலைச்சுட்டு வெளிய வந்தா, எங்கம்மா மட்டும் ஏ மூக்கின்னு கூப்பிடுவா. ரெண்டும் காதுல விழத்தான் செஞ்சுச்சு. எனக்கு ரெண்டும் தொந்தரவில்ல.” அவள் எழுந்தாள். “ஒனக்குத் தொந்தரவா இருந்தா மாத்திக்க. சோறு ஆறிப்போகும், சாப்பிடு.”

மிருணா சாப்பிட்டாள். அம்மா வைத்த கத்தரிக்காய்க் குழம்பு. வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

முப்பத்தேழாவதாக வந்தவள்தான் கடைசியாக வந்தவள். பதினேழாம் நாள், மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு, விளாத்திகுளம் பஸ்ஸில். பஸ் நின்றதும் படியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. பாவாடை தாவணியோடு, முடியெல்லாம் விரிந்து முதுகில் ஒட்டிக்கிடக்க, ஒரு பெண் இறங்கினாள். கையில் கயிறு கட்டிய ஒரு சுரைக்குடுவை, நீந்தப் பழகும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளுகிற மாதிரி. அவள் நடந்துவந்த இடமெல்லாம் சிமெண்டுத் தரையில் ஈரக்காலடி விழுந்தது, அன்றைய வெயிலிலும் அது காயவில்லை.

“வா தாயி” என்றாள் குருவம்மாள். மற்ற முப்பத்தாறு பேரும் விலகி இடம் விட்டார்கள். “இப்படியா நனைவ. எத்தன வயசு வரைக்கும் இருந்த?”

“பத்தொம்பது” என்றாள் அந்தப் பெண்.

குருவம்மாளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து அவள் இன்னொரு தடவை சொன்னாள்.

மடை மூக்கம்மாள் தன் கையில் இருந்த சேற்றைப் பார்த்தாள். குருவம்மாள் அந்தப் பெண்ணின் மூக்கைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் துளை இருந்தது.

“ஒங்கம்மா ஒனக்கு மூக்குக் குத்தத்தான செஞ்சா?”

“ரெண்டு பக்கமும் குத்துனா.”

“குப்பையில போட்டு எடுக்கலையோ?”

“போட்டா. தவிட்டுக்கும் வாங்குனா. பத்து வயசு வரைக்கும் நல்ல துணி உடுத்த விடல, கண்ணாடியில மூஞ்சி பாக்க விடல. எல்லாஞ் செஞ்சாம்மா அவ. ஒண்ணையும் விடல.” அந்தப் பெண் அம்மாவுக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி வேகமாகச் சொன்னாள். “ஆத்துல வெள்ளம் வந்துச்சு. மறுகரையில ஆளுக மாட்டிக்கிட்டாக. எனக்கு நீச்சல் தெரியும், பதினோரு பேரக் கொண்டாந்துட்டேன். பன்னெண்டாவது ஒரு தாத்தா. பாவம், அவரு பயந்துட்டாரு. கழுத்தப் புடிச்சுக்கிட்டாரு.”

“அவரு?”

“அவரும்தான்.”

குருவம்மாள் சுரைக்குடுவையை வாங்கிப் பெஞ்சில் வைத்தாள். அந்தப் பெண்ணைத் தன் காலடியில் தரையில் உட்காரவைத்து, முந்தானையை எடுத்து அவள் முடியைத் துவட்ட ஆரம்பித்தாள். முந்தானை நனைந்தது, பிழிந்துவிட்டு மறுபடி துவட்டினாள். பிழிந்த தண்ணீரில் ஆற்றுமணல் வந்தது. ராஜபார்ட் தன் அங்கவஸ்திரத்தைக் கொடுத்தாள், அதுவும் நனைந்தது. முடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது. குருவம்மாள் கையை நிறுத்தவில்லை, உதடு மட்டும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. காசிராஜன் டீயை வைத்துவிட்டு நின்றார், அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாடியில், அன்று காலைத் தபாலில் வந்த அரசிதழ் மைக்குக்குப் பக்கத்தில் கிடந்தது. நாற்பத்தெட்டாம் பக்கத்தில், வரிசையில் பதினோராவதாக, மூக்கம்மாள் ஆகிய நான் இனிமேல் மிருணாளினி என்று அறியப்படுவேன் என்று அச்சில் வந்திருந்தது. அதைக் காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை அவள் படித்திருந்தாள். சந்தோஷப்படவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது ஜன்னல் வழியாக அம்மாவின் குனிந்த முதுகைப் பார்த்தாள். தொட்டம்பட்டி வீட்டில் சின்னவயதில் காய்ச்சல் வரும்போதெல்லாம் இப்படித்தான் குனிந்து உட்கார்ந்திருப்பாள், விடிகிறவரை, வாசலுக்கு முதுகைக் கொடுத்து, யார் வந்து எட்டிப்பார்த்தாலும் பிள்ளை தெரியாதபடி மறைத்துக்கொண்டு.

இரண்டு பத்து ராஜபாளையம் பஸ் வந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அதை யாரும் சொல்லவில்லை. போகவேண்டியவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள், பஸ் போய்விட்டது.

மிருணா பைக்குள் இருந்த பூத்துவாலையை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு படியும் இறங்கினாள். ஆறாம் நம்பர் நடைமேடைக்கு வந்து, பெஞ்சின் மறுபக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் முடியில் பாதியை அம்மாவின் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு துவட்டினாள். அம்மா அவளைப் பார்த்தாள். வந்து இறங்கிய இன்னொரு மூக்கம்மாளைப் பார்த்த மாதிரிதான் பார்த்தாள். ஆனால் அவளிடம் வயதைக் கேட்கவில்லை.

குருவம்மாள் முந்தானையை இன்னொரு தடவை பிழிந்தாள்.

“இவ அம்மாவும் எல்லாஞ் செஞ்சிருக்கா” என்றாள் குருவம்மாள்.

“ஆமாம்மா, கேட்டேன்.”

“நான் ஒன்ன இவ மாதிரிகூட வச்சுக்கல. நல்ல துணி எடுத்துக் குடுத்தேன். கண்ணாடி வாங்கிக் குடுத்தேன். அப்புறமும் நீ இருக்க.” அவள் கை நின்றது. “அப்ப எதுனால இருக்க நீ?”

“தெரியலம்மா” என்றாள் மிருணா.

“எனக்கும் தெரியல.”

சிவகாசி பஸ் ஒன்று சொல்லாமலே வந்து சொல்லாமலே போனது.

“ஒனக்கு முன்னால போன நாலுக்கும் நல்ல நல்ல பேரா வச்சேன்” என்றாள் குருவம்மாள். இதை மகளிடம் அவள் சொன்னதேயில்லை. “செண்பகவல்லி. பூங்கோதை. அடுத்தது பையன், அவனுக்கு ராசமாணிக்கம். கடைசிப்பிள்ளைக்குப் பொன்மணி. வாய் நெறையக் கூப்பிட்டேன். தெரு முழுக்கக் கேக்கும். நாந்தான் காட்டிக் குடுத்துட்டேன்னு நெனச்சேன், பேரச் சொல்லிச் சொல்லி. அதுக்கப்புறம்தான் ஒனக்கு அந்தப் பேரு. ஒன்னைய எப்பவாச்சும் நான் சத்தமாக் கூப்பிட்டுருக்கேனா?”

மிருணா யோசித்துப் பார்த்தாள். இல்லை. அம்மா பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவாள். அது அம்மாவின் சுபாவம் என்றே இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள்.

“எத்தனன்னு கேக்கிறவுகளுக்கு நாலுன்னு மட்டும்தாம்மா சொல்லியிருக்கேன்” என்றாள். “பேரு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.” பிறகு, சொல்லிப் பார்க்கிறவள் மாதிரி, “செண்பகவல்லி, பூங்கோதை, ராசமாணிக்கம், பொன்மணி” என்றாள். மைக்கில் சொல்லுகிற குரலில் இல்லை. குருவம்மாள் ஒவ்வொரு பேருக்கும் தலையை ஆட்டினாள்.

இரண்டுபேருக்கும் நடுவில் இருந்த பெண் எப்போதோ தூங்கியிருந்தாள். முடியில் தண்ணீர் வருவது நின்றிருந்தது. கூந்தல் மொத்தமும் காய்ந்து, வெயிலில் லேசாகச் செம்பட்டை அடித்தது. அவள் எழுந்ததும் குருவம்மாள் அதற்கு எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை போட்டு, மடித்துக் கட்டினாள். அந்தப் பெண் சடையைத் தடவிப் பார்த்துக்கொண்டே, சுரைக்குடுவையை எடுத்துக்கொண்டு, வந்த விளாத்திகுளம் பஸ்ஸிலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

மற்றவர்களும் அதற்கப்புறம் நிற்கவில்லை. வந்ததைப் போலவே ஒன்றிரண்டாகப் புறப்பட்டார்கள். கன்னக்கோல் தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். ராஜபார்ட் ஏறிய பஸ்ஸில் டிரைவர் எழுந்து நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார். சவரியப்பன் பதிவேட்டில் ஒவ்வொருத்திக்கும் போன நேரத்தை எழுதினார். கடைசியில் கூட்டிப்பார்த்தபோது முப்பத்தேழும் சரியாக இருந்தது, அந்த அம்மாவின் மகள் மட்டும் வந்ததாகப் பதிவில் இல்லை. அதை அவர் மிருணாவிடம் சொன்னபோது, அவள் தன் அரசிதழை எடுத்து நாற்பத்தெட்டாம் பக்கத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்க வாயைத் திறந்தார்.

“நாலு அண்ணாச்சி” என்றாள் அவள். “மூத்தவ பேரு செண்பகவல்லி.”

மறுநாள் காலையில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு தொட்டம்பட்டிக்குக் கிளம்பினாள். குருவம்மாளை பஸ்ஸில் ஏற்றி, முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, தண்ணீர்ப் பாட்டில் வாங்கக் காசிராஜன் கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

குருவம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தாள். மகள் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோளைத் தொட எட்டாது. முந்தினநாள் சாயங்காலத்திலிருந்து அவள் அந்தப் பேரை மனசுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள், ஒருதடவை மிரு என்பதிலும் இன்னொரு தடவை ளினி என்பதிலும் நாக்கு இடறியது. அர்த்தம் என்ன என்று கேட்டதற்குத் தாமரைக்கொடி என்று மகள் சொல்லியிருந்தாள். அழகான பேர்தான். செண்பகவல்லியை விடவும் அழகு. அவள் ரோட்டை ஒரு தடவை பார்த்தாள், டிப்போவைப் பார்த்தாள், பஸ் ஸ்டாண்டில் ஏறவும் இறங்கவும் சும்மா நிற்கவும் செய்த முகம் தெரியாத அத்தனை பேரையும் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“ஏ மிருணாளினி” என்று, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி பிள்ளைகளைக் கூப்பிட்ட அதே தொண்டையில், வாய் நிறையக் கூப்பிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்பியை விடாமல் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

“இந்தா வாரேம்மா” என்று சொல்லிக்கொண்டே, கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு, மகள் ஓடிவந்தாள்.